அத்தியாயம் 7: நண்பரின் படத்துக்குக் கருத்துச் சொல்வது

நண்பர் போனை நீட்டி, "பார்த்துட்டுச் சொல்லு" என்கிறார். எட்டு நிமிடப் படம். முடிந்ததும் நீங்கள் "சூப்பர் மச்சான்" என்கிறீர்கள். அல்லது, "சவுண்ட் கொஞ்சம் சரியில்ல" என்கிறீர்கள். முதல் பதில் அவரைச் சிரிக்க வைக்கும், இரண்டாவது வாட வைக்கும். இரண்டில் எதை வைத்துக்கொண்டும் அவரால் எடிட்டிங்கில் ஒரு ஷொட்டைக்கூடக் குறைக்கவோ கூட்டவோ முடியாது.

அவருக்குப் பயன்படும்படி பேச இந்த அத்தியாயம் வழி சொல்கிறது. ஒரே ஒரு விதியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: படத்தின் எந்த இடத்தில் உங்களுக்குள் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், அதை எப்படிச் சரிசெய்வது என்பதைப் படம் எடுத்தவரிடம் விட்டுவிடுங்கள். கீழே வரும் எல்லாமே இந்த விதியைக் கடைப்பிடிப்பதற்கான வேலைகள்தான்.

உதாரணத்துக்கு நம் ஊரான பட்டிப்பொலயில் எடுத்த ஒரு மாணவர் படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். விடியற்காலை. லயத்தில் அம்மா அடுப்பு மூட்டுகிறார். மூத்த மகள் கொழும்பில் கடை வேலைக்குப் புறப்படுகிறாள். தங்கை அவளோடு கரட் தோட்டத்து வழியாக ஸ்டேஷன் வரை நடக்கிறாள். ரயில் வருகிறது, அக்கா ஏறுகிறாள், தங்கை திரும்பி நடக்கிறாள். போனில் எடுத்த படம். இந்த அத்தியாயம் முழுவதும் இதையே வைத்துப் பழகுவோம்.

பார்ப்பதற்கு முன்

1. படம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். முதல் தொகுப்பா, காட்சிகள் முடிவாகி ஒலி மட்டும் பாக்கியா, போட்டிக்கு அனுப்பத் தயாராகிவிட்டதா? முதல் தொகுப்பில் கதையைப் பற்றிப் பேசலாம். நாளைக்கு அனுப்பவேண்டிய படத்தில் "ஆரம்பமே சரியில்ல" என்பது கொடுமை.

2. திரும்ப எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அக்காவாக நடித்தவர் உண்மையாகவே கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கலாம். போன் மாமாவுடையதாக இருக்கலாம். புதிதாக எடுக்க வழியில்லை என்றால், இருக்கும் ஷொட்களை வெட்டியும் இடம்மாற்றியும் ஒலி சேர்த்தும் செய்யக்கூடியதை மட்டும் பேசுங்கள்.

3. "உனக்கு எந்த இடம் சந்தேகமா இருக்கு?" என்று கேட்டு, பதிலைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதையை விளக்க விடாதீர்கள். விளக்கம் கேட்ட பிறகு பார்த்தால், படத்தில் இல்லாததும் இருப்பதுபோலத் தெரியும்.

4. நல்ல பிரதியை வாங்குங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பனிமூட்டக் காட்சிகள்தான் அதில் முதலில் கெடும். வெண்மை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிதறும். பிறகு நீங்கள் வட்ஸ்அப் செய்த குறையைப் படத்தின் குறை என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கேபிள், மெமரி கார்ட், பென் டிரைவ் எதுவும் சரி. வட்ஸ்அப்பைத் தவிர வழியில்லை என்றால் கோப்பாக, அதாவது டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

5. ஹெட்போன் போடுங்கள். மழை தகரத்தில் அடிக்கும் நேரத்தில் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒலியைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை.

இரண்டு தடவை பாருங்கள்

முதல் தடவை பேனா வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அழைப்பு வராதபடி போனை விமான நிலையில் வைத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே மூச்சில் பாருங்கள். முடிந்த உடனே, யாரோடும் பேசுவதற்கு முன், மூன்று வரி எழுதுங்கள்:

* கதை என்ன? ஒரே வாக்கியத்தில்.
* கண்ணை மூடினால் எந்தப் படம் நிற்கிறது?
* எந்த இடத்தில் மனம் வேறெங்கோ போனது?

இந்த மூன்று வரிக்கு மேல் நீங்கள் எதுவுமே எழுதாவிட்டாலும் அது பெரிய உதவி. "ஒரு பெண் வேலை தேடிக் கொழும்புக்குப் போகிறாள்" என்று நீங்கள் எழுதி, எடுத்தவரோ "தனியாக விடப்படும் தங்கையின் கதை" என்று நினைத்திருந்தால், அந்த இடைவெளிதான் அவர் தெரிந்துகொள்ளவேண்டிய முதல் செய்தி. அவருடைய மனதில் ஓடும் படத்தை அவரால் ஒருபோதும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. உங்களால் முடியும்.

இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் நேரத்தைப் போடுங்கள்: 2:40, 4:05 என்று. நேரம் இல்லாத குறிப்பை எடிட்டிங் செய்பவர் தேடிக் களைத்துப்போவார்.

எதை முதலில் சொல்வது

குறித்ததை எல்லாம் அதே வரிசையில் கொட்டாதீர்கள். 'அபோகலிப்ஸ் நவ்', 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படங்களில் வேலைசெய்த எடிட்டர் வோல்டர் மர்ச், ஒரு வெட்டு சரியா என்று பார்க்க ஆறு அளவுகோல்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எடையும் கொடுத்தார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. பார்ப்பவரின் கண் திரையில் நிற்கும் இடத்துக்கு 7, திரையின் தட்டையான அமைப்புக்கு 5, இடத்தின் தொடர்ச்சிக்கு வெறும் 4. மாணவர்கள் கருத்துச் சொல்லும்போது பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். "முன் ஷொட்டுல ஷோல் போட்டிருந்தா, அடுத்த ஷொட்டுல காணோம்" என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம், கெட்டிக்காரத்தனமாகவும் தெரியும். ஆனால் தங்கை திரும்பி நடக்கும்போது நெஞ்சு கனக்கவில்லை என்றால் ஷோல் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

ஆகவே உணர்ச்சி, கதை, தாளம், பிறகு மற்றவை என்று குறிப்புகளை அடுக்குங்கள். மூன்று பெரிய குறிப்பு, நான்கைந்து சிறிய குறிப்பு போதும். இருபது குறிப்பு கொடுத்தால் அவர் எதையும் செய்யமாட்டார்.

நம் ஊருக்கென்று ஒரு விதிவிலக்கு உண்டு. கொழும்பு ரயில் ஒஹிய பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்து அம்பேவெல பக்கம் போகும். படத்தில் 6:50-ல் அக்கா ஏறிய ரயில் ஒஹிய பக்கம் போனால், அவள் பதுளைக்குப் போகிறாள் என்று அர்த்தம். மட்டக்களப்பில் பார்ப்பவருக்கு இது தெரியாது. பட்டிப்பொலயில் திரையிட்டால், படத்தின் மிக உருக்கமான இடத்தில் மண்டபமே சிரிக்கும். மர்ச்சின் கணக்கில் 4 சதவீதம்தான் என்றாலும், உள்ளூரில் உணர்ச்சியையே கெடுப்பதால் இதைப் பெரிய குறிப்பாகவே எழுதுங்கள்.

வலி ஓரிடம், காரணம் ஓரிடம்

மர்ச் சொன்ன இன்னொரு விஷயம் இதைவிடப் பயனுள்ளது. முழங்கை வலிக்கிறது என்று போனால் நல்ல வைத்தியர் தோள்பட்டையையும் அழுத்திப் பார்ப்பார். படத்திலும் அப்படித்தான். நால்வர் ஒரே குரலில் "கடைசிக் காட்சி பிடிக்கல" என்றால், கோளாறு கடைசிக் காட்சியில் இல்லாமலும் இருக்கலாம். அக்காவும் தங்கையும் ஒன்றாகச் சிரித்த ஒரு நொடியைக்கூட முதல் நான்கு நிமிடத்தில் நாம் பார்க்காமல் இருந்திருக்கலாம். அதனால் பிரிவு நம்மைத் தொட்டிருக்காது. கடைசிக் காட்சியை எத்தனை முறை வெட்டினாலும் அது சரியாகாது.

பார்வையாளர் தீர்வு சொல்லக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். வலிக்கும் இடத்தை நீங்கள் சரியாகச் சொல்வீர்கள். மருந்தைப் பெரும்பாலும் தவறாகச் சொல்வீர்கள். பிக்ஸார் நிறுவனத்தில் 'பிரெயின்ட்ரஸ்ட்' என்று ஒரு கூட்டம் உண்டு. மற்றப் படங்களின் இயக்குநர்கள் உட்கார்ந்து, பாதியில் இருக்கும் படத்தைப் பார்த்து மனம்விட்டுப் பேசுவார்கள். ஆனால் அங்கே சொன்ன எதையும் அந்தப் படத்தின் இயக்குநர் செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அத்தனை அனுபவசாலிகளே அதிகாரத்தை எடுத்துக்கொள்ளாதபோது, தரம் 11-இல் இருக்கும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

குறிப்பை எழுதும் விதம்

ஒவ்வொரு குறிப்பிலும் நான்கு துண்டு இருக்கட்டும்: நேரம், கண்டது அல்லது கேட்டது, எனக்குள் நடந்தது, ஒரு கேள்வி.

*இப்படி வேண்டாம்:* "நடக்கிற சீன் ரொம்ப இழுவை."
*இப்படி எழுதுங்கள்:* "1:10 முதல் 2:35 வரை இருவரும் கரட் பாத்தி ஓரமா நடக்கிறாங்க. முதல் அரை நிமிஷம் அவங்க ஏன் பேசாம நடக்கிறாங்கன்னு யோசிச்சேன். அதுக்குப் பிறகு யோசிக்கிறத விட்டுட்டு ரயிலுக்குக் காத்திருந்தேன். இந்த மௌனத்துல நான் எதைக் கவனிக்கணும்?"

*இப்படி வேண்டாம்:* "அம்மா நடிப்பு செயற்கை."
*இப்படி எழுதுங்கள்:* "2:40, பீலியடியில அம்மா 'போய்ட்டு வா' என்கிற வரி. சொல்லும்போது கேமராவைப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு, அம்மாவா தெரியல. ஆனா அதுக்கு முன்னால் குடத்தைத் தூக்குகிற இடத்துல அம்மாவாவே இருந்தாங்க. அந்த வரி இல்லாம அந்த இடம் நிக்குமா?"

*இப்படி வேண்டாம்:* "ஸ்டேஷன் சீன் சூப்பர்."
*இப்படி எழுதுங்கள்:* "4:05, தங்கை அக்காவோட பையை விடாமப் பிடிச்சிருக்கிற கை. அவ அழல, எனக்கு அழுகை வந்துச்சு. இதைத் தொடாதே."

கடைசி உதாரணத்தைக் கவனியுங்கள். பாராட்டுக்குக் கேள்வி தேவையில்லை, ஆனால் அதுவும் நேரத்தோடு, காரணத்தோடு இருக்கவேண்டும். எது வேலைசெய்கிறது என்று தெரியாவிட்டால், அடுத்த தொகுப்பில் அதையே வெட்டி எறிந்துவிடுவார். மாணவர் படங்களில் நல்ல இடங்கள் இப்படித்தான் காணாமல் போகின்றன.

> குறிப்பு: பேச்சுமொழியிலேயே எழுதுங்கள். ஊடகக் கற்கைப் பாடத்தில் படித்த கலைச்சொற்களை அடுக்கினால் நண்பர் தலையாட்டுவார், வேலை நடக்காது.

மலையில் எடுத்த படத்தில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை

பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,890 மீட்டர். இங்கே படம் எடுப்பவருக்குப் பனிமூட்டம்தான் நண்பனும் எதிரியும்.

*மூட்டத்தின் தொடர்ச்சி.* ஒரே உரையாடலில் அக்கா முகத்துக்குப் பின்னால் வெண்மை, தங்கை முகத்துக்குப் பின்னால் பளிச்சென்ற மலை. இரண்டையும் ஒரு மணிநேர இடைவெளியில் எடுத்திருப்பார்கள். கதை பிடித்து இழுத்தால் பார்ப்பவர் கவனிக்கமாட்டார். உங்களுக்கு உறுத்தியதா இல்லையா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

*வெளிச்சம்.* போன் கேமரா வெண்மையைப் பார்த்ததும் வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும், முகம் கறுத்துப்போகும். கண் தெரியவேண்டிய இடத்தில் கண் தெரியவில்லை என்றால் எழுதுங்கள். ஆனால் இருட்டாக இருப்பது எல்லாம் குறை என்று நினைத்துவிடாதீர்கள். மட்டக்களப்பில் பிறந்து தமிழ்நாட்டில் புகழ்பெற்ற பாலு மகேந்திரா, இருக்கிற வெளிச்சத்தை வைத்தே காட்சியை அமைப்பதில் பேர்போனவர். அடுப்புத் தீயில் பாதி முகம் மட்டும் தெரியும் அம்மாவை "டியூப் லைட் போட்டு எடுத்திருக்கலாம்" என்று சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

*காற்று.* மைக்கில் அடிக்கும் காற்று ஒரு சொல்லை விழுங்கினால், எந்தச் சொல் என்று எழுதுங்கள். "6:12, அக்கா 'தீபாவளிக்கு' என்றாளா 'திருவிழாவுக்கு' என்றாளா தெரியல." இதை அவர் பத்து நிமிடத்தில் திரும்பக் குரல் பதிந்து சரிசெய்துவிடலாம்.

*பேச்சு.* இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. காம்பரா, பிரட்டு, கொழுந்து, கங்காணி என்று தேயிலைத் தோட்டத்து மக்கள் பேசும் பேச்சு படத்தில் அப்படியே வந்தால், "இது வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது, மாத்திடு" என்று சொல்லாதீர்கள். சென்னைப் படங்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு நம் பேச்சே சினிமாவுக்கு ஒவ்வாததுபோலத் தோன்றும். அந்தக் காதை நம்பவேண்டாம். இதற்கு மாறாக, வீட்டில் பேசாத சினிமாத் தமிழை ஒரு பாத்திரம் பேசினால் அதை நேரத்தோடு குறித்துச் சொல்லுங்கள். சிங்கள நண்பர்கள் பார்க்கப்போகும் படம் என்றால் சப்டைட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

*தகவல்.* குரல்வழி விவரணையில் எண்ணும் ஆண்டும் வந்தால் சரிபாருங்கள். "இன்றைக்கும் ஆயிரம் ரூபாதான் நாட்சம்பளம்" என்று படம் சொன்னால், அது தோட்டத் தொழிலாளருக்கு 2021 மார்ச்சில் அமுலான தொகை. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. இப்படி ஓர் எண் தவறிப்போனால், மீதி உண்மை அத்தனையையும் தட்டிக்கழிக்க நினைப்பவர்களுக்கு அது ஒன்றே போதும். எண்ணைச் சொல்வதற்கு முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டு உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

குழுவாகப் பேசும்போது

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய ஒரு முறை பல நாட்டுக் கலைப்பள்ளிகளில் இருக்கிறது. அதை நம் வகுப்பறைக்கு ஏற்ப இப்படி வைத்துக்கொள்ளலாம்:

1. ஐந்தாறு பேர் போதும். அதில் ஒருவராவது படப்பிடிப்புப் பக்கமே போகாதவராக இருக்கட்டும்.
2. படம் ஓடியபின் இரண்டு நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதவேண்டும். முதலில் பேசுபவரின் கருத்து மற்றவர்களைத் தொற்றிக்கொள்ளாமல் இருக்க இது ஒன்றுதான் வழி.
3. முதல் சுற்று: மனதில் நின்றது எது, ஏன். குறை வேண்டாம்.
4. இரண்டாம் சுற்று: எடுத்தவர் கேட்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காமல் "தங்கைக்குக் கோபமா, பயமா?" என்பதுபோலக் கேட்கவேண்டும்.
5. மூன்றாம் சுற்று: பார்வையாளர்கள் கேட்பார்கள். கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக்கூடாது. "ஏன் இவ்வளவு நீளமா வச்சே?" என்பது திட்டு. "நடக்கிற காட்சிக்கு இந்த நீளத்தை எப்படி முடிவுபண்ணே?" என்பது கேள்வி.
6. நான்காம் சுற்று: "கடைசிக் காட்சி பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கு, சொல்லலாமா?" என்று கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வயதில் சிறியவர் முதலில் பேசட்டும். அண்ணன் அக்காமார் பிறகு. சேர், மிஸ் கடைசியில். ஆசிரியர் முதலில் வாய்திறந்தால் அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரே ஒரு கருத்துதான் இருக்கும்.

பாதுகாப்பு: இதில் மட்டும் தயங்காமல் சொல்லுங்கள்

இதுவரை சொன்ன மென்மையும் கேள்வி வடிவமும் இந்தப் பகுதிக்குப் பொருந்தாது. ஒருவருக்குத் தீங்கு வரக்கூடியது படத்தில் இருந்தால் நேரடியாக, அன்றைக்கே சொல்லுங்கள். ஆனால் தனியாக.

*தண்டவாளம்.* தங்கை தண்டவாளத்தில் நடப்பதாகவோ சுரங்க வாயிலில் நிற்பதாகவோ ஷொட் இருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பாராட்டாதீர்கள். மூட்டத்தில் ரயில் கண்ணுக்குத் தெரியும்போது விலக நேரம் இருக்காது. "நல்லா இருக்கு, இன்னொரு தடவை எடு" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவர்களை மறுபடி அங்கே அனுப்பும். ரயில் மேடையிலிருந்து, நிலைய அதிபரிடம் கேட்டுக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

*முகங்கள்.* பீலியடியில் குளிப்பவர், காம்பராவுக்குள் தூங்கும் தாத்தா, பள்ளிச் சீருடையில் நிற்கும் குழந்தை. இவர்களிடம் அல்லது பெற்றோரிடம் சம்மதம் வாங்கியாயிற்றா? "நம்ம லயந்தானே" என்பது சம்மதம் ஆகாது. சம்பளம் பற்றியோ தோட்டத் துரையைப் பற்றியோ ஒருவர் படத்தில் மனம்விட்டுப் பேசியிருந்தால், படம் வெளியான மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் அதே பிரட்டுக் களத்தில்தான் அவர் நிற்கப்போகிறார். அவருக்கு அது தெரியுமா என்று கேளுங்கள். முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் வைப்பது சில நேரம் படத்தையும் கூர்மையாக்கும்.

*அனுமதி.* தோட்ட நிர்வாகத்தின் இடம், ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா, ட்ரோன் ஷொட். இந்த மூன்றில் எது இருந்தாலும் அனுமதி பற்றிக் கேளுங்கள். போட்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

*சொந்தக் கதை.* குடிக்கும் அப்பா, வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் அம்மா என்று படம் வந்தால், அது எடுத்தவரின் வீடாக இருக்கலாம். "இது உண்மைக் கதையா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள். பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது "அந்த அப்பா" என்றே சொல்லுங்கள், "உங்கப்பா" என்று ஒருபோதும் வேண்டாம்.

*கசிவு.* பார்க்கத் தந்த பிரதியைப் பார்த்ததும் அழித்துவிடுங்கள். ஸ்டேட்டஸில் பத்து நொடி போடுவதும் துரோகம்தான்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

* தன் படத்தை எடுப்பது. "நானா இருந்தா அக்காவைத் திரும்பி வரவச்சிருப்பேன்." அது உங்கள் அடுத்த படம், குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
* ஒப்பிடுவது. தோட்டத்தைப் பற்றிய படம் என்றாலே 'பரதேசி'யை இழுப்பது. 2013-இல் பாலா பெரும் குழுவோடு எடுத்த படத்தை ஒரு போனோடு நிறுத்திப் பார்ப்பதில் நண்பருக்குக் கிடைப்பது என்ன?
* பாட்டுச் சேர்க்கச் சொல்வது. காட்சி தளர்ந்தால் இசையால் மூடிவிடலாம் என்று தோன்றும். தளர்ந்த நேரத்தை மட்டும் குறியுங்கள்.
* நட்புக்காக மறைப்பது. உங்களுக்குப் புரியாத இடம் நடுவர்களுக்கும் புரியாது. அங்கே போய்த் தெரிந்துகொள்வதைவிட அவர் உங்களிடம் தெரிந்துகொள்வது நல்லது.

கருத்தைக் கேட்பவர் நீங்கள் என்றால்

வாயை மூடி எழுதுங்கள். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும் ஒவ்வொரு இடமும், படம் தானாகச் சொல்லாமல் விட்ட இடம். அன்றைக்கு எதையும் மாற்றாதீர்கள். ஒருவர் மட்டும் சொன்னதை ஓரமாக வையுங்கள். மூவர் ஒரே நேரத்தைக் குறித்திருந்தால் அங்கே போய்ப் பாருங்கள். அவர்கள் சொன்ன மருந்தை ஏற்கத் தேவையில்லை.

இரண்டாவது தொகுப்பு வந்ததும்

1. பழைய குறிப்பைப் பார்க்காமல் முழுதாக ஒரு தடவை பாருங்கள்.
2. பிறகு பழைய நேரக் குறிப்புகளை எடுத்து, எது தீர்ந்தது, எது புதிதாக முளைத்தது என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் குறிப்பை அவர் ஏற்காவிட்டால் மறுபடி அதையே சொல்லவேண்டாம்.
3. காட்சிகள் முடிவாகிவிட்டன என்று அவர் சொன்னபின் கதையைப் பற்றி வாய் திறக்காதீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வேலை எழுத்துப்பிழை, சப்டைட்டில் வரும் நேரம், ஒலி ஏற்ற இறக்கம், பெயர்ப்பட்டியல். பெயர்ப்பட்டியலை விரல் வைத்துப் படியுங்கள். காம்பராவைத் தந்தவர், விடியற்காலை டீ போட்டுக் கொடுத்தவர், போனைத் தந்த மாமா எல்லோர் பெயரும், அவரவர் எழுதும் விதத்தில், இருக்கவேண்டும்.